“படிப்பில் நாட்டமில்லை” என்று எழுதுமுன் வரவு இடாப்பைப் பாருங்கள்

“படிப்பில் நாட்டமில்லை. ரியூசனுக்கும் போகின்றார். புள்ளி ஏறவில்லை.” தரம் 8 பிள்ளை ஒன்றை எங்கள் மனநலப் பிரிவுக்கு அனுப்பிய பாடசாலைக் கடிதத்தில் இவ்வளவுதான் இருக்கிறது. பிள்ளை இரவில் தூங்குகிறதா என்று ஒரு சொல்கூட இல்லை. வன்னியிலிருந்து இதே மூன்று வரிகளோடு வரும் கடிதங்களை இனியும் பேசாமல் கோப்பில் போட முடியாது.

போரின் பயம் பிள்ளையின் படிப்பைப் பாதிக்கிறதா என்று கேட்டால் பதில் ஆயத்தமாக இருக்கிறது: “சண்டை முடிந்தது 2009இல். இது அதற்குப் பிறகு பிறந்த பிள்ளை. ஷெல் சத்தம் கேட்டதில்லை, பங்கருக்குள் இருந்ததில்லை. இதுக்கென்ன பயம்?” படித்தவர்களே இப்படிக் கேட்கிறார்கள்.

பிள்ளை வளரும் வீட்டைப் பாருங்கள். இரவில் நாய் குரைத்தால் அம்மா எழும்பி லைற்றை அணைக்கிறார். அம்மம்மா, 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டத்துக்கு மாமாவின் படத்தோடு போய்வருகிறார். மாமா வரவும் இல்லை, அவருக்குத் திவசம் கொடுக்க மனம் ஒப்பவும் இல்லை. போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே மாதமும் கார்த்திகையும் நெருங்கினால் யாரோ வந்து வாசலில் நின்று விசாரித்துவிட்டுப் போகிறார்கள். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி சித்துபாத்தி மயானத்தின் மனிதப் புதைகுழியில் ஒரு குழந்தையின் எலும்புகளோடு நீலப் புத்தகப்பை எடுக்கப்பட்டது. அந்தப் படம் வீட்டுக் கைபேசிக்கும் வந்தது. அடுத்த நாள் காலை தன் புத்தகப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு வந்த பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? பிள்ளைக்குப் போர் தெரியவேண்டியதில்லை. அம்மாவின் முகம் தெரிந்தால் போதும்.

நேரில் பட்ட பிள்ளைகளுக்கு நடந்தது பதிவாகியே இருக்கிறது. வடகிழக்கில் 420 பாடசாலைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில் நால்வரில் ஒருவருக்கு மனவடு நோய் (பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் PTSD) இருந்தது. அது அவர்களின் ஞாபகசக்தியையும் படிப்பையும் பாதித்திருந்தது. “மொக்குப் பிள்ளை” என்று அன்றும் சொன்னார்கள்.

வகுப்பாசிரியர் செய்யக்கூடியது இது. மூன்று தவணைத் தேர்ச்சி அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எல்லாப் பாடமும் ஆரம்பத்திலிருந்தே ஒரே அளவில் குறைவாக இருந்தால் வேறு காரணம் தேடுங்கள். கண், காது, வாசிப்புச் சிக்கல் என்று பலது இருக்கலாம். நன்றாகப் படித்த பிள்ளை ஒரு தவணையில் சடாரென்று விழுந்திருந்தால், அதிலும் பல படிகள் உள்ள கணக்கும் மனனமும் விழுந்து சித்திரம் அப்படியே நின்றால், வரவு இடாப்பை எடுங்கள். வராத நாட்கள் எந்த மாதத்தில் குவிகின்றன? யாராவது வீட்டுக்கு வந்துபோன கிழமையா? பிறகு அம்மாவிடம் தனியாகக் கதையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்குகிறது, கெட்ட கனவு கண்டு எழும்புகிறதா, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பியிருக்கிறதா, கோயில் வெடிக்குத் திடுக்கிடுகிறதா? பத்து நிமிடம் போதும்.

அடிக்காதீர்கள். கல்வி அமைச்சின் 2005/17ஆம் இலக்கச் சுற்றறிக்கை தடுத்திருக்கிறது என்பதற்காக மட்டுமல்ல. ஏற்கனவே கதவையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இனி உங்கள் கையையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிவரும். கரும்பலகையை எப்போது பார்ப்பது? கடைசி வாங்கில் போடாதீர்கள். கதவு தெரியும் இடத்தில், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கும்படி இருத்துங்கள். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்லி, அதையும் பலகையில் எழுதுங்கள். வீட்டுவேலையைக் கொஞ்ச நாளைக்குப் பாதியாக்குங்கள். இரவு எட்டு மணி ரியூசனை நிற்பாட்டுங்கள். தூக்கம் இல்லாத மண்டையில் எந்தப் பாடமும் ஏறாது.

“எனது தந்தை” என்று கட்டுரை கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆகவேண்டுமானால் “என்னை வளர்ப்பவர்” என்று மாற்றுங்கள். நடந்ததைச் சொல்லச் சொல்லி, கீறச் சொல்லி யாரும் தோண்டவும் வேண்டாம். ஒருநாள் பட்டறை நடத்தி, பிள்ளைகளை அழவைத்து, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களை வாசலிலேயே மறியுங்கள். கிளறியவர் போன பிறகு அந்தப் பிள்ளையோடு இரவில் யார் இருப்பது? தானாகச் சொன்னால் கேளுங்கள். திருத்தாதீர்கள், “எல்லாம் சரியாகும்” என்று அவசரப்படுத்தாதீர்கள்.

அம்மாமாரிடம் ஒரு வேண்டுகோள். படுக்கப்போகும் நேரத்தில் கைபேசியில் அந்தப் படங்களைப் பார்க்காதீர்கள். மாமாவைப் பற்றிப் பிள்ளை கேட்டால் உண்மையைச் சின்னதாகச் சொல்லுங்கள்: “தேடுகிறோம், இன்னும் தெரியவில்லை.” பேச்சை மாற்றினால் பிள்ளை அதைவிடப் பயங்கரமான ஒன்றைத் தானே கற்பனை செய்துகொள்ளும். உங்களுக்கே தூக்கமில்லை என்றால் முதலில் நீங்கள் மனநலப் பிரிவுக்கு வாருங்கள். வர முடியாதவர்கள் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். பிள்ளையை யாராவது அடித்துத் துன்புறுத்தினால் 1929.

இந்த அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, சாக வேண்டும் என்று பிள்ளை ஒரு தடவை சொன்னாலோ, தவணைப் பரீட்சை முடியட்டும் என்று காத்திராமல் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். கடிதத்தில் தூக்கம் எப்படி, புள்ளி விழத் தொடங்கிய மாதம் எது, விழுந்த பாடங்கள் எவை என்று எழுதி, மூன்று தவணை அறிக்கைகளின் பிரதிகளையும் இடாப்பின் பிரதியையும் கூடவே இணைத்துவிடுங்கள்.