சட்டக் கல்லூரி முதலாண்டு: கைடு வாங்கும் முன்

சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா பக்கத்துப் பிள்ளைகள் என் அலுவலகத்துக்கு வந்து கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த கைடு நல்லா இருக்கும்?" இப்போதைக்கு எந்த கைடும் வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-க்கு ஒரு பேர் ஆக்ட் (விளக்கவுரை இல்லாமல் சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகம்) வாங்கினால் போதும். மத்திய அரசின் இந்தியா கோடு இணையதளத்தில் அதுவும் இலவசம்.

பிரிவு 10-ஐத் திறங்கள். ஒப்பந்தம் செல்லுபடியாக வேண்டுமானால் செய்துகொள்பவர்களுக்குத் தகுதி இருக்க வேண்டும் என்கிறது. யாருக்குத் தகுதி? பிரிவு 11 சொல்கிறது: உரிய வயது வந்தவர், தெளிந்த மனநிலை உள்ளவர், சட்டம் விலக்கி வைக்காதவர். உரிய வயது எத்தனை? இந்தச் சட்டத்தில் இல்லை. 1875-ஆம் ஆண்டு மெஜாரிட்டி சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே 18.

சரி, 17 வயதுப் பையன் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டால்? பிரிவு 11 அதற்கு வாய் திறக்காது. அங்கேதான் மொஹோரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ் வழக்கு வருகிறது. 1895-இல் கல்கத்தாவில் ஒரு மைனர் ரூ.20,000 கடனுக்குச் சொத்தை அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்பது கடன் கொடுத்தவர் தரப்புக்கே தெரியும். 1903-இல் பிரிவி கவுன்சில் (அன்றைக்கு இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்), அந்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்றது. கடன் கொடுத்த தரப்பு பிரிவு 64, 65-ஐக் காட்டி, தந்த பணத்தையாவது திருப்பிக் கேட்டது. அந்தப் பிரிவுகளே தகுதி உள்ளவர்களுக்குத்தான் என்று கவுன்சில் சொல்லிவிட்டது. இப்படி நூல் பிடித்துப் போகப் பழகினால் கைடு தானாகப் பரணுக்குப் போகும். அப்புறம் பிரிவு 68-ஐயும் பாருங்கள். மைனருக்குச் சோறு போட்டவர் கதி அங்கே இருக்கிறது.

சீனியர் தரும் பழைய குற்றவியல் புத்தகத்தில் கவனம் தேவை. 1.7.2024 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. கொலைக்குப் பிரிவு 302 போய் 103, ஏமாற்றுக்கு 420 போய் 318. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் இன்னும் நாங்கள் "420" என்றுதான் பேசுகிறோம், அது வேறு விஷயம். அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் என்பதால் இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் பயப்பட வேண்டாம். கீழமை நீதிமன்றங்களில் சாட்சி விசாரணை தமிழில்தான் நடக்கிறது. என் அனுபவத்தில் அங்கே திணறுவது பிழையில்லாமல் தமிழ் எழுதத் தெரியாத ஜூனியர்தான். ஆனால் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் படித்தே ஆக வேண்டும். தினம் இரண்டு பக்கம் போதும். உச்ச நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்தில் காசில்லாமல் கிடைக்கும்.

விடுமுறையில் கோர்ட்டுக்கு வாருங்கள். போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்ற வழக்கு) போன்ற மூடிய விசாரணைகளைத் தவிர யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். கறுப்புக் கோட்டு இப்போதே தைக்க வேண்டாம், வேலூர் வெயிலுக்கு வெள்ளைச் சட்டையே அதிகம். செல்போனை அணைத்துவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். காலையில் வாய்தா கூப்பிட்டு முடித்த பிறகுதான் பெரும்பாலும் சாட்சியைக் கூண்டில் ஏற்றுவார்கள். அரைமணி நேரத்தில் எழுந்து போய்விட்டால் குறுக்கு விசாரணையைப் பார்க்க முடியாது.