பழைய கெர்ப் மெஷின் வாங்கப் போகிறீர்களா? மீட்டரை விடுங்கள், மோல்டைப் பாருங்கள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் சாலை வேலை எடுத்துச் செய்யும் சிறு குத்தகையாளர்கள் பலருக்கு, பலகை அடித்துக் கெர்ப் (சாலையோரக் கான்கிரீட் விளிம்பு) ஊற்றுவதும் முன்கூட்டியே வார்த்த ப்ரீகாஸ்ட் கல்லை ஒவ்வொன்றாக அடுக்குவதும் கட்டுப்படியாகாத கட்டம் ஒன்று வரும். அப்போது கண் போவது ஸ்லிப்ஃபார்ம் மெஷின் மேல்தான். கெர்ப்பையும் அதை ஒட்டி மழைநீர் ஓடும் பட்டையான நீர்ச்சால் பகுதியையும் ஒரே வார்ப்பாக, பலகையே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகும் இயந்திரம் அது. புதியதை எட்ட முடியாததால் பழையதைத் தேடுகிறார்கள். வீட்டை அடகு வைத்து வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

பழைய மெஷின் விற்கும் யார்டில் முதலில் உங்களுக்குக் காட்டுவது இரண்டு விஷயம்: மணி மீட்டர், எஞ்சின் சத்தம். இரண்டையும் வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த வகை மெஷின், கான்கிரீட் லோரிக்குக் காத்துக்கொண்டு எஞ்சின் ஓடியபடியே நிற்கும். அதனால் மீட்டரில் ஏறிய மணி எல்லாம் வேலை செய்த மணி ஆகாது. எஞ்சின் பெரும்பாலும் டோய்ட்ஸ், கம்மின்ஸ், கேட்டர்பில்லர் என்று நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பழகியதாகவே இருக்கும். கெட்டாலும் சரிசெய்ய ஆள் உண்டு. கெர்ப்பின் தரத்தைத் தீர்மானிப்பவை நான்குதான்: கெர்ப்புக்கு வடிவம் தரும் எஃகு அச்சான மோல்டு, கான்கிரீட்டை அதிர வைத்து இறுக்கும் வைப்ரேட்டர், மெஷினை ஏற்றி இறக்கும் கால் சிலிண்டர்கள், ஓரமாகக் கட்டிய நூலைத் தொட்டு மெஷினின் உயரத்தையும் திருப்பத்தையும் வழிநடத்தும் சென்சார். யார்டில் இவற்றைத்தான் யாரும் வலிய வந்து காட்ட மாட்டார்கள்.

பார்க்கப் போகும்போது உங்கள் வேலையின் ஒப்புதல் பெற்ற கெர்ப் வரைபடம் கையில் இருக்க வேண்டும். கோமாக்கோ, பவர் கர்பர்ஸ் என்ற இரண்டு மெஷின் பிராண்டுகளும் அமெரிக்கத் தயாரிப்பு. அங்கிருந்து வரும் மோல்டு அங்குல அளவில், அந்த ஊர் கெர்ப் வடிவத்தில் இருக்கும். உயரம் ஒத்துப்போனாலும் முகச் சரிவும் மேல் வளைவும் ஒத்துப்போகாது, ஜே.கே.ஆர். (பொதுப்பணித் துறை) வரைபடத்தோடு மேற்பார்வைப் பொறியாளர் ஒப்பிட்டதும் தள்ளிவிடுவார். மோல்டு பொருந்தவில்லை என்றால் புது மோல்டின் விலையையும் அது வந்து சேரும் வரை வேலை நிற்கும் மாதங்களையும் மெஷின் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உள்ளூர் பட்டறையில் மோல்டு செய்து தருவதாகச் சொல்வார்கள். தேய்மானம் தாங்கும் எஃகும், ஹாப்பரிலிருந்து (கான்கிரீட் கொட்டும் தொட்டி) கெர்ப் வடிவத்துக்கு மாறும் அந்தச் சரிவும் சரியாக அமையாவிட்டால் கான்கிரீட் இழுபட்டுக் கிழியும். தயாரிப்பாளரிடமே வரைபடத்தைக் கொடுத்து வாங்குவது மேல்.

மோல்டு எந்தப் பக்கம் மாட்டுகிறது என்பதையும் பாருங்கள். பெரும்பாலானவை வலப்பக்கம் ஊற்றுபவை. நாம் இடப்பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள். எனவே சாலையின் இடது ஓரக் கெர்ப்பை, மெஷின் சாலைப் பக்கம் நின்று, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில்தான் ஊற்ற முடியும். நடுத்திட்டுக் கெர்ப்புக்குச் சிக்கல் இல்லை. புதுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) சாலையில் இது ஒரு பொருட்டே அல்ல. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் சாலையை அகலப்படுத்தும் வேலை என்றால், மிக்சர் லோரி வந்து போகும் வழியே தலைகீழாகிவிடும்.

இப்போது மோல்டுக்குள் கை விடுங்கள். எஞ்சினை அணைத்து, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்ட பிறகு. கான்கிரீட் ஓடும் திசையில், ஹாப்பர் வாயிலிருந்து பின்பக்கம் வரை விரலால் தடவுங்கள். வெல்டிங் ஒட்டு, பள்ளம், காய்ந்த கான்கிரீட் என ஒரு மில்லிமீட்டர் மேடுபள்ளம் தட்டுப்பட்டாலும் அது கெர்ப் நெடுகக் கோடாக விழும். பிறகு ஒரு மீட்டர் நீள எஃகு மட்டப்பலகையை நீளவாக்கில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தகட்டின் கனத்தை ஹாப்பர் அடி, பின்முனை, இரண்டு பக்கக் கீழ் விளிம்புகள் ஆகிய இடங்களில் தனித்தனியாக அளந்து, புது மோல்டின் கனத்தோடு ஒப்பிடுங்கள். இங்கே நாம் போடும் கருங்கல் ஜல்லி தகட்டை அரிக்கும்.

தேய்ந்த மோல்டு பணத்தை எப்படித் தின்கிறது என்று பார்ப்போம். 450 மி.மீ. அகல நீர்ச்சால் 10 மி.மீ. கூடுதல் கனத்தில் விழுந்தால், ஒரு கிலோமீட்டருக்கு 4.5 கன மீட்டர் கான்கிரீட் வீண். பத்து கிலோமீட்டருக்கு 45. உங்களுக்குக் கிடைப்பதோ மீட்டர் கணக்குக் கூலி. அந்தக் கான்கிரீட்டுக்கு ஒரு சென்கூட வராது.

வைப்ரேட்டர்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலை நேரத்தில் இவை நிமிடத்துக்குச் சுமார் 9,000 முதல் 11,000 அதிர்வு வரை ஓடும். அளக்கும் சிறு கருவி ஒன்று கையோடு இருக்கட்டும். காற்றில் நீண்ட நேரம் ஓடினால் பேரிங் சூடேறிக் கெட்டுவிடும், அதனால் ஈர மணல் வாளியில் முக்கி ஓட்டுங்கள். ஒன்று செத்திருந்தால் கெர்ப்பின் அந்தப் பக்கம் மட்டும் தேன்கூடு போல் ஓட்டை விழும், ஆப்பரேட்டர் அதை மறைக்கத் தண்ணீர் கூட்டச் சொல்வார், கெர்ப் சரியும்.

அடுத்தது கால்கள். மெஷினை முழுதாகத் தூக்கி நிறுத்தி, ஒவ்வொரு சிலிண்டர் தண்டிலும் மார்க்கரால் கோடு போட்டு, எஞ்சினை அணைத்து அரை மணி நேரம் விடுங்கள். கோடு இறங்கியிருந்தால் சீல் அல்லது லாக் வால்வு கசிகிறது என்று அர்த்தம். தண்டில் குரோம் உரிந்திருந்தால் சீல் மாற்றியும் பயனில்லை. குழாய்க்குள் குழாய் ஏறி இறங்கும் இடத்தில் கடப்பாரை கொடுத்து அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் சென்சார் எவ்வளவு சரியாக இருந்தாலும் மோல்டு ஆடும்.

யார்டில் யாருமே செய்யாத சோதனை ஒன்று உண்டு. அதுதான் முக்கியம். கெட்டியான தரையில் 30 மீட்டருக்கு நூல் கட்டுங்கள். சுமார் 7 மீட்டருக்கு ஒரு கம்பி, தொய்வே இல்லாத இறுக்கம். மோல்டு தரையில் உரசாத உயரத்தில், கான்கிரீட் இல்லாமல், நிமிடத்துக்கு 3 மீட்டர் வேகத்தில் மெஷினை நூல்வழி விடுங்கள். மோல்டின் பின்முனையில் ஒரு குறி போட்டு, மீட்டருக்கு ஒரு தடவை நூலிலிருந்து குறி வரை அளந்து எழுதுங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்குள் நின்றால் நல்லது. பிறகு நடுக் கம்பியில் நூலை 20 மி.மீ. உயர்த்தி, திரும்பவும் விடுங்கள். மோல்டு மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். ஏறி, தாண்டி, இறங்கி, மறுபடி ஏறி அலைந்தால் பிரச்சினை: மூட்டுகளைக் கோக்கும் பின்னின் (இணைப்பு ஊசி) துளை தேய்ந்திருக்கலாம், வால்வு இறுகி ஒட்டிக்கொள்ளலாம், சென்சார் உணர்திறனை அதிகமாக வைத்திருக்கலாம். விற்பவர் உணர்திறனைக் குறைத்து அலைச்சலை மறைக்க முடியும். அப்போது மோல்டு நூலுக்குப் பின்தங்கி, தாமதமாக ஏறும். அளந்து எழுதிய தாளில் அது தெரிந்துவிடும். நூலைப் பக்கவாட்டில் நகர்த்தி, திருப்பத்தையும் இப்படியே பாருங்கள்.

இதே சோதனையை இரண்டு மணி நேரம் ஓடிச் சூடான பிறகு இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக் குளிர்ந்த எண்ணெயில் தேய்ந்த பம்ப்கூட நன்றாக இழுக்கும். நடுப்பகல் வெயிலில் எண்ணெய் இளகியதும் உள்கசிவு கூடும், மெஷின் நகரும் சங்கிலிப் பட்டையான ட்ராக் ஒன்று மட்டும் தயங்கும், வைப்ரேட்டர் வேகம் விழும். குளிர் நாட்டிலிருந்து வந்த மெஷினில் கூலர் தகடுகள் தூசியும் சிமெண்டும் அடைத்திருந்தால் கோலாலம்பூர் வெயிலைத் தாங்காது. 'சூடு பண்ண நேரம் இல்லை' என்று விற்பவர் சொன்னால் நீங்களும் கிளம்பிவிடுங்கள்.

கண்ட்ரோல் பெட்டியைப் பொறுத்தவரை ஒன்றுதான்: வரிசை எண்ணைப் படம் எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, எந்த ஆண்டு மெஷின், எந்தப் பக்க அமைப்பில் வெளியே போனது, அந்தக் கண்ட்ரோலருக்கு இன்னும் பாகம் கிடைக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பாகம் நின்றுபோன கண்ட்ரோலர் என்றால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மெஷின் சரியாக இருந்தும் வேலை கெடும் இடம் கான்கிரீட். வழக்கமான ரெடிமிக்ஸ் 75 மி.மீ. ஸ்லம்பை (கான்கிரீட் எவ்வளவு இளகல் என்பதன் அளவு) ஒட்டி வரும். இதற்கு 25 முதல் 40 போதும், அதுவும் லோரிக்கு லோரி மாறாமல் வர வேண்டும். மாறினால் ஒரு இடத்தில் கிழிந்து, அடுத்த இடத்தில் சரியும். கெர்ப்பின் குறுக்குவெட்டு 0.10 சதுர மீட்டர் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 3 மீட்டர் போனால் மணிக்கு 18 கன மீட்டர், அதாவது 6 கன மீட்டர் லோரி 20 நிமிடத்துக்கு ஒன்று. கனரக லோரிக்கு நேரத்தடை உள்ள சாலைகளும் மாலை மழையும் இருக்கிற ஊரில், இதைத் தருவதாகக் கான்கிரீட் பிளாண்ட் ஒப்புக்கொள்கிறதா என்று மெஷினுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். வீட்டுக்கு வீடு நுழைவாயில் வந்து வெட்டும் தாமான் வேலை மட்டுமே உங்களிடம் இருந்தால், நீண்ட ஓட்டம் கிடைக்காது, ப்ரீகாஸ்ட்டே லாபம்.

காகித வேலையில் அவசரப்படாதீர்கள். விற்பவர் உள்ளூர் கம்பெனி என்றால் எஸ்.எஸ்.எம்.மில் (மலேசிய நிறுவன ஆணையம்) அந்தக் கம்பெனியின் சொத்து மீது வங்கி உரிமைப் பதிவு உள்ளதா என்று பாருங்கள். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் தீர்வுக் கடிதம் வரும் வரை பணம் கைமாறக் கூடாது. வெளிநாட்டிலிருந்து என்றால், பழைய இயந்திரத்துக்கு இறக்குமதி அனுமதி, வரி இரண்டையும் போர்ட் கிள்ளான் சுங்க முகவரிடம் வரிசை எண்ணோடு கேட்டுவிட்டே ஒப்பந்தம் போடுங்கள். ஒப்பந்தத்தில் மோல்டு, சென்சார், கேபிள், ஹோஸ், கையேடு ஆகியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக்கையோடு எழுதச் சொல்லுங்கள். 'மெஷின் முழுதாக' என்று மட்டும் எழுதியிருந்தால், லோபெட்டில் (தாழ்தள லோரி) வந்து இறங்கும்போது சென்சார் பெட்டி இருக்காது. கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் இடத்திலேயே அந்த நூல் சோதனையை மறுபடி ஓட்டி, அளவுத் தாளில் விற்பவரின் கையெழுத்தை வாங்கிய பிறகு கட்டுங்கள்.