கேடயத்தில் சிங்கம் வரைவதற்கு முன்

தைத்து முடித்துவிட்டு வராதீர்கள், தைப்பதற்கு முன்னால் வாருங்கள். பெயரையும் சின்னத்தையும் பதிவு செய்ய என் மேசைக்கு வரும் எல்லோரிடமும் நான் சொல்ல விரும்புவது இதுதான். ஆனால் வருபவர்களில் பலர் அங்கியில் எம்பிராய்டரி முடித்து, கேடயத்துக்குப் பெயிண்ட் அடித்து, சிலர் தோளில் பச்சையே குத்திக்கொண்டு, அதற்கு அப்புறம்தான் படிவத்தைத் தேடுகிறார்கள். அந்தச் சின்னம் ஏற்கெனவே இன்னொருவருடையது என்று சொல்ல வேண்டி வரும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

நான் இருப்பது சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரனிசம் என்ற அமைப்பில். எஸ்.சி.ஏ. என்பார்கள். 1966 மே மாதம் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு வீட்டுக் கொல்லைப்புறத்தில் நடந்த விழாவில் தொடங்கியது. இன்று வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று பரவி, தன்னை ராஜ்யங்களாகப் பிரித்துக்கொண்டு இயங்குகிறது. 1600-க்கு முந்தைய காலத்தின் வாள்வீச்சு, சமையல், நெசவு, நடனம், எழுத்துக்கலை எல்லாவற்றையும் செய்து பார்த்துக் கற்பதுதான் நோக்கம். ஒவ்வொருவரும் அந்தக் காலத்தில் வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு ஆளாகத் தன்னைக் கற்பனை செய்துகொண்டு, அதற்கேற்ற பெயரையும் கேடயச் சின்னத்தையும் வைத்துக்கொள்வார்கள். அவற்றைச் சரிபார்த்துப் பதிவேற்றும் தன்னார்வக் கட்டியக்காரர்களில் நானும் ஒருவன். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது. பதிவு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை. செய்துவிட்டால் அந்தப் பெயரும் சின்னமும் அமைப்பு முழுவதிலும் உங்களுடையவை.

எதற்கு இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்வேன். 1385-ல் இங்கிலாந்து அரசன் இரண்டாம் ரிச்சர்டு ஸ்காட்லாந்தின் மேல் படையெடுத்துப் போனபோது, ரிச்சர்டு ஸ்க்ரோப், ராபர்ட் க்ரோவ்னர் என்ற இரண்டு வீரர்கள் ஒரே சின்னத்தோடு வந்து நின்றார்கள். நீலப் புலம், அதாவது பின்னணி, அதன் குறுக்கே சாய்வாக ஒரு பொன் பட்டை. வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கவிஞர் சாசர் 1386-ல் சாட்சி சொன்னார். லண்டனில் ஃப்ரைடே ஸ்ட்ரீட் வழியாக நடந்து போகும்போது இந்தச் சின்னம் தீட்டிய புதுப் பலகை ஒன்று தொங்குவதைப் பார்த்ததாகவும், ஸ்க்ரோப் சின்னத்தை மாட்டியிருக்கும் இந்த விடுதி எது என்று விசாரித்ததாகவும், அது ஸ்க்ரோப் சின்னமே அல்ல, செஷயரைச் சேர்ந்த க்ரோவ்னருடையது என்று பதில் வந்ததாகவும் சொன்னார். க்ரோவ்னர் என்ற பெயரையே அன்றுதான் முதல்முறை கேள்விப்பட்டாராம்.

என் வேலைக்கு நேரடியாகப் பயன்படுவது தீர்ப்புதான். முதலில் 1389-ல், சின்னம் ஸ்க்ரோப்புக்கு, க்ரோவ்னர் அதையே வெள்ளிக் கரை சேர்த்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அடுத்த ஆண்டு அரசன் அந்தச் சலுகையை ரத்து செய்தான். கரை ஒன்றைச் சேர்ப்பது ஒரே குடும்பத்தின் தம்பிக்கோ ஒன்றுவிட்ட சகோதரனுக்கோ போதும், சம்பந்தமே இல்லாத அந்நியனுக்குப் போதாது என்பது காரணம். எஸ்.சி.ஏ. விதிகளும் கிட்டத்தட்ட இதே தர்க்கத்தில்தான் நிற்கின்றன. ஒரு மாற்றம் மட்டும் இருந்தால் பார்ப்பவர் உங்களை அவருடைய உறவினர் என்று நினைப்பார். அதனால் பொதுவாக இரண்டு தெளிவான மாற்றங்கள் வேண்டும். சிவப்புப் புலத்தில் பொன் சிங்கம் ஒருவருடையது என்றால், பச்சைப் புலத்தில் பொன் சிங்கம் உங்களுக்குப் போதாது. பச்சைப் புலத்தோடு ஒரு கரையும் சேர்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிங்கத்துக்குப் பதில் மரத்தையே வைத்துவிட்டால் அந்த ஒன்றே போதும், ஏனென்றால் மையப் பொருளே வேறாகிவிட்டது.

நிற விதி எளிது. மஞ்சளும் வெள்ளையும் உலோகங்கள், அதாவது பொன்னும் வெள்ளியும். சிவப்பு, நீலம், கருப்பு, பச்சை, ஊதா ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் நிறம் வரலாம், நிறத்தின் மேல் உலோகம் வரலாம். நிறத்தின் மேல் நிறமோ உலோகத்தின் மேல் உலோகமோ வைத்தால் போர்க்களத் தூசியில் எதுவும் தெரியாது. ஜெருசலேம் அரசின் சின்னத்தில் வெள்ளியின் மேல் பொன் சிலுவை இருக்கிறதே என்று வாதாடுபவர்கள் உண்டு. அது எல்லோருக்கும் தெரிந்திருப்பதே விதியை மீறியதால்தான். படிவத்தில் வண்ணம் தீட்டும்போது சாதாரண மார்க்கர் பேனாவைப் பயன்படுத்துங்கள். கலர் பிரிண்டரில் எடுத்தால் நீலம் ஊதாவாக மாறி வரும். நாம் பதிவு செய்வது படத்தை, அதை விவரிக்கும் வாசகத்தை அல்ல. எனவே தாளில் இருப்பது ஊதா என்றால் உங்கள் சின்னமும் ஊதாதான். வரைந்த பிறகு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து சிங்கமா நாயா என்று சொல்ல முடியவில்லை என்றால் பெரிதாக வரையுங்கள். புதிதாக வருபவர்கள் அனேகமாக எல்லோரும் சிறியதாகத்தான் வரைகிறார்கள்.

பெயர் விஷயம் இதைவிட மனசைத் தொடுவது. குழந்தைப் பெயர் இணையதளங்களை நம்பி வருபவர்கள்தான் அதிகம். அந்தத் தளங்கள் அர்த்தத்தைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. எனக்கு வேண்டியது ஆண்டு. இந்த எழுத்துக்கூட்டலில், இந்த ஊரில், இந்த ஆண்டில், ஒரு மனிதருக்கு இந்தப் பெயர் இருந்தது என்று காட்டும் பதிவு. ஃபியோனா என்ற பெயர் தொன்மையான கேலிக் பெயர் என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். அது 18-ம் நூற்றாண்டில் ஜேம்ஸ் மக்ஃபர்சன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரின் கவிதைகளில் பிறந்தது. வனெஸ்ஸா, எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு தோழிக்காக உருவாக்கியது. செட்ரிக் 1819-ல் வால்டர் ஸ்காட்டின் நாவலில் வந்தது. பழைய ஆங்கிலப் பெயரான செர்டிக் கொஞ்சம் புரண்டு அப்படி ஆனது. நேர்மாறாக, டிஃபனி என்றால் ஷாப்பிங் மால் ஞாபகம் வருகிறது, அது நிஜமான இடைக்காலப் பெயர். கிறிஸ்தவர்களின் எபிஃபனி திருநாளை ஒட்டிப் பிறந்த பெண் குழந்தைகளுக்கு வைத்த தியோஃபனியா என்ற பெயரின் பேச்சு வடிவம். நம் காது சொல்வதை நம்பாமல் பதிவைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது இதனால்தான். ஃபியோனாதான் உங்கள் சட்டப்பூர்வப் பெயர் என்றால் கவலை வேண்டாம். சொந்தப் பெயரின் ஒரு பகுதியை அப்படியே வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது.

பெயரில் குறைந்தது இரண்டு பகுதி இருக்க வேண்டும். அழைக்கும் பெயர் ஒன்று, அதோடு ஊர், தொழில், தந்தை பெயர், உருவ அடையாளம் என்று ஏதாவது ஒரு ஒட்டு. சர், டச்சஸ் போன்ற பட்டங்களைப் பெயருக்குள் கொண்டுவர முடியாது. அமைப்புக்குள் அவை உழைத்துப் பெற வேண்டியவை. வரலாற்றில் வாழ்ந்த முக்கியமான ஒருவராகவே உங்களைக் காட்டிக்கொள்ளவும் கூடாது. பெயரும் சின்னமும் சேரும்போதும் இந்தச் சிக்கல் வரும். லங்காஸ்டர் என்ற பெயரோடு சிவப்பு ரோஜாவோ யார்க் என்ற பெயரோடு வெள்ளை ரோஜாவோ சேர்ந்தால், அந்த அரச குடும்பத்தின் வாரிசு நான் என்று சொல்வதாகிவிடும். தனித்தனியாக இருந்தால் பிரச்சினை இல்லை.

நம்மவர்கள் சிலர் தமிழ்ப் பெயர் வைக்க முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். நம்மிடம் இருக்கும் சான்றுகளின் அருமை நமக்கே தெரிவதில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் 29-ம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில் வெட்டிய கல்வெட்டு ஒன்று, கோயில் பணிக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்றும் இருக்கிறது. நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என்று நீளும் அந்தப் பட்டியல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய சாதாரணப் பெண்களின் பெயர்கள், தேதியோடும் முகவரியோடும்! ஐரோப்பியப் பெயர் தேடுபவர்களுக்கே இப்படி ஒரு பதிவு கிடைத்தால் கொண்டாடுவார்கள். அந்தப் பக்கத்தின் நகலையும், ரோமன் எழுத்தில் எப்படி எழுத வேண்டும் என்பதையும் படிவத்தோடு கொடுங்கள். ராஜராஜ சோழன் என்றே வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். அவரும் முன்பு சொன்ன முக்கியமானவர்களில் ஒருவர்தான்.

சின்னத்தில் சோழர் புலி வேண்டும் என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியக் கேடயக் கலையில் பழைய 'டைகர்' என்பது நேரில் புலியைப் பார்க்காதவர்கள் கற்பனையில் வரைந்த விலங்கு. உங்களுக்கு வேண்டியது வரிப்புலி என்பதைப் படத்திலும் வாசகத்திலும் தெளிவாகக் காட்டுங்கள். தோகை விரித்த மயில் என்றால் சிக்கலே இல்லை, அவர்களும் காலங்காலமாக வரைந்ததுதான்.

ஸ்வஸ்திகத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் வீட்டு வாசலிலும் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருக்கும் மங்கலக் குறி அது. இடைக்கால ஐரோப்பாவிலும் புழங்கியதுதான். ஆனாலும் எஸ்.சி.ஏ.-வில் எந்த வடிவத்திலும் அதைப் பதிவு செய்ய முடியாது. நாஜி முகாம்களில் குடும்பத்தை இழந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே மைதானத்தில் நிற்கிறார்கள். ஒரு கொடியில் அதைப் பார்ப்பவருக்கு உங்கள் விளக்கம் காதில் விழப்போவதில்லை. இந்தத் தடையை நான் முழு மனசோடு ஆதரிக்கிறேன். வெள்ளையில் தனித்து நிற்கும் சிவப்புச் சிலுவையும் கிடையாது. போர்க்களத்தில் உயிர் காக்கும் அடையாளமாக ஜெனீவா ஒப்பந்தம் அதைக் காக்கிறது.

குடும்பப் பெயரைச் சொன்னால் குடும்பச் சின்னத்தை அச்சிட்டுத் தரும் கடைகளிடம் ஏமாறாதீர்கள். ஆங்கிலேய மரபில் சின்னம் ஒரு தனி மனிதருக்குத் தரப்படுவது. அவருடைய நேர் வாரிசுகளுக்குப் போகும், அதே குடும்பப் பெயர் கொண்ட எல்லோருக்கும் போகாது. அந்தக் கடைகள் விற்பது எப்போதோ வாழ்ந்த ஒரு அந்நியரின் சின்னத்தை. அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தால், ஸ்க்ரோப் நின்ற அதே இடத்தில் இன்னொருவர் நிற்பார்.

படிவத்தின் கீழே சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். யாரும் படிக்காமல் டிக் அடிப்பது இங்கேதான். எந்த மாற்றமும் செய்யக் கூடாது என்று டிக் போட்டால், ஒரே ஒரு எழுத்தைத் திருத்தினால் தேறிவிடும் பெயர்கூட முழுசாகத் திரும்பி வரும். அந்தத் திருத்தத்தைச் செய்ய எங்களுக்கு அதிகாரம் இல்லை. ஒலி முக்கியமா, அர்த்தம் முக்கியமா, மொழி முக்கியமா என்று கேட்கும் கட்டத்தையும் யோசித்து நிரப்புங்கள். இரண்டு எழுத்துக்கூட்டல் சாத்தியம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று எங்களுக்கு அதுதான் வழிகாட்டும். தற்காலிகப் பெயர் சம்மதமா என்ற கட்டத்தில் ஆம் என்று போட்டு வையுங்கள். பெயர் தேறாமல் சின்னம் மட்டும் தேறினால், அந்தத் தற்காலிகப் பெயரில் சின்னத்தையாவது பதிவு செய்துவிடுவார்கள். புதுப் பெயரைத் தேடும் மாதங்களில் வேறு யாரும் அதைக் கொண்டுபோக முடியாது.

மாதங்கள் என்று சொன்னது சும்மா இல்லை. விண்ணப்பம் முதலில் உங்கள் ராஜ்யத்தின் கட்டியக்காரர்களிடம் போகும், அவர்கள் கருத்துச் சொல்வார்கள். அதில் தேறினால் அமைப்பு முழுவதற்குமான கடிதத்தில் ஏறும், உலகம் முழுவதும் இருக்கும் கட்டியக்காரர்கள் அலசுவார்கள். பெயர்களுக்குப் பெலிக்கன், சின்னங்களுக்கு ரீத், எல்லாவற்றுக்கும் மேலே லாரல் என்ற பதவிகளில் இருப்பவர்கள் மாதாமாதம் முடிவெடுப்பார்கள். எல்லாம் முடிய அரை ஆண்டுக்கு மேலும் ஆகலாம். திரும்பி வந்துவிட்டால் ஒடிந்து போகாதீர்கள். காரணத்தை எழுத்தில் தருவார்கள், பல ராஜ்யங்களில் ஓராண்டுக்குள் திருத்தி அனுப்பினால் மறுபடி கட்டணம் வாங்குவதில்லை. உங்கள் சின்னம் மோதுவது உயிரோடு இருக்கும் ஒரு உறுப்பினரின் சின்னத்தோடு என்றால், அவரிடமே போய் அனுமதிக் கடிதம் கேட்கலாம். ஒரு மாற்றமாவது இருந்தால் அந்தக் கடிதத்தை ஏற்பார்கள். கேட்டுப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள்.

என்னைப் போல இந்தப் பொறுப்பை ஏற்கும் சக கட்டியக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். படிவத்தில் விண்ணப்பதாரரின் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் இருக்கும். எல்லோரும் பார்க்கும் கடிதத்தில் அவை ஏற வேண்டிய அவசியமே இல்லை. முன்னாள் கணவனிடமிருந்து விலகி வாழும் பெண்ணும், வேலை செய்யும் இடத்தில் இந்தப் பொழுதுபோக்கைச் சொல்லாதவரும் நம்மை நம்பித்தான் அந்தத் தாளைக் கொடுக்கிறார்கள். மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

கடைசியாக, வயதான உறுப்பினர்களிடம் நான் தயங்காமல் கேட்கும் ஒன்று. உங்கள் சின்னத்துக்கு வாரிசு யார் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? பதிவு ஆளோடு முடிந்து போவதில்லை. அவர் போன பிறகும் அந்தச் சின்னத்தைக் காப்போம். மகளோ பேரனோ அதே சின்னத்தைச் சின்ன மாற்றத்தோடு ஏந்த விரும்பினால் அனுமதி கொடுக்க ஒருவர் வேண்டும், அந்த ஒருவர் யார் என்று எழுத்தில் இருக்க வேண்டும். இதற்கென்றே ஒரு எளிய உயில் படிவம் இருக்கிறது, ஒரே பக்கம்தான். அதை நிரப்பிக் கையெழுத்திட்டு, ஒரு நகலை வாரிசிடமும் இன்னொன்றை உங்கள் ராஜ்யத்தின் கட்டியக்காரரிடமும் கொடுத்து வையுங்கள்.