ஹூலிகன்: ஓர் அயர்லாந்துக் குடும்பப் பெயர் வசைச்சொல்லானது எப்படி?

ஐரோப்பாவில் கால்பந்துப் போட்டி முடிந்து ரசிகர்கள் கடைகளை அடித்து நொறுக்கினால், அந்தச் செய்தி தமிழுக்கு வரும்போது 'ஹூலிகன்' என்ற சொல்லும் கூடவே வந்துவிடுகிறது. 'ஹூலிகனிசம்' என்றும் எழுதுகிறார்கள். பொது இடத்தில், பெரும்பாலும் கூட்டமாகச் சேர்ந்து, அடிதடியிலும் பொருட்சேதத்திலும் இறங்குபவர் என்பது பொருள். திருட்டோ கொள்ளையோ இவர்களுடைய முதல் நோக்கம் அல்ல. ரகளைதான் நோக்கம்.

பொருள் இவ்வளவுதான். ஆனால் இது ஒரு குடும்பப் பெயர். ஐரிஷ் மொழியில் 'ஓ ஹூலஹான்'. 'ஓ' என்றால் வழிவந்தவர். மீதிப் பகுதி பெருமிதம், செருக்கு என்ற பொருளுடைய வேரிலிருந்து வந்தது என்பார்கள். ஆங்கிலேயர் தம் காதில் விழுந்தபடி அதை ஹூலஹன், ஹூலிஹன், ஹூலிகன் என்று பலவாறாக எழுதினார்கள். இன்றும் அந்தப் பெயரைத் தாங்கிய குடும்பங்கள் அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் இருக்கின்றன.

வசைச்சொல்லாக இது அச்சேறியது 1898 கோடையில், லண்டன் நாளிதழ்களின் காவல், நீதிமன்றச் செய்திகளில். தென் லண்டனின் லாம்பெத் பகுதித் தெருக்களில் இளைஞர்கள் கூட்டமாகத் திரிந்து வழிப்போக்கர்களைத் தாக்கினார்கள், காவலர்களோடு மோதினார்கள். அந்த ஆகஸ்ட் மாதப் பொது விடுமுறை நாளில் நடந்த கலாட்டாக்களுக்குப் பிறகு சில வாரங்களிலேயே பத்திரிகைகள் எல்லாம் 'ஹூலிகன்' என்று எழுதத் தொடங்கின.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. லாம்பெத்தில் பேட்ரிக் ஹூலிகன் என்ற அடிதடிக்காரர் ஒருவர் இருந்தார் என்று 1899-இல் கிளாரன்ஸ் ரூக் என்ற பத்திரிகையாளர் எழுதினார். 1890-களின் இசை அரங்குகளில் ஹூலிகன் என்ற ரகளைக்கார ஐரிஷ் குடும்பத்தைப் பற்றி ஒரு கேலிப்பாட்டு ஓடியது, அதிலிருந்து வந்தது என்பார் உண்டு. 'ஹூலியின் கும்பல்' என்பது திரிந்தது என்பது இன்னொரு கருத்து. அகராதிக்காரர்கள் எதையும் உறுதியாக ஏற்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பிறந்த கதை எதுவானாலும், லண்டன் தெருக்களின் வன்முறைக்குப் பெயர் தேடியபோது ஊர் கைநீட்டி எடுத்தது ஓர் ஐரிஷ் பெயரை. லண்டனிலேயே பிறந்து வளர்ந்த பையன்கள் செய்ததற்கு வந்தேறியின் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் ஏன் இருந்தது என்று புரிய, அரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. ஏழைகளின் ஒரே உணவு அது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். அதைவிடவும் அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். மக்கள் செத்துக்கொண்டிருந்தபோதே அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. 1847-இல் மட்டும் லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கிய ஐரிஷ்காரர்கள் சுமார் 3 லட்சம். எலும்பும் தோலுமாக வந்தவர்களோடு டைபஸ் காய்ச்சலும் வந்தது. ஊர் அதற்கு வைத்த பெயர் 'ஐரிஷ் காய்ச்சல்'. ஆங்கிலேய ஆட்சி ஐரிஷ்காரர்களின் நிலத்தைப் பறித்து, கத்தோலிக்கர் என்பதற்காகப் பல தலைமுறை உரிமை மறுத்து, பஞ்சத்தில் கைவிட்டு, கடைசியில் அந்த வறுமையை அவர்களுடைய பிறவிக்குணம் என்று சொன்ன அநியாயத்தை எத்தனை முறை படித்தாலும் மனம் ஆறுவதில்லை.

அதன் பிறகு ஐரிஷ்காரர் என்றாலே குடிகாரர், சண்டைக்காரர், சோம்பேறி, அறிவில்லாதவர் என்று ஓர் அச்சு வார்க்கப்பட்டது. லண்டனின் 'பஞ்ச்' நகைச்சுவை இதழில் ஜான் டென்னியல் ஐரிஷ் போராளிகளைக் குரங்கு முகத்தோடும் அரக்க உருவத்தோடும் வரைந்தார். கடல் கடந்தும் அதே முகம்தான். நியூயார்க்கின் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி' இதழில் தாமஸ் நாஸ்ட் 1871-இல் வரைந்த ஒரு படத்தில், குரங்கு முக ஐரிஷ்காரர் வெடிமருந்துப் பீப்பாய்மேல் உட்கார்ந்து, கையில் மதுப்புட்டியோடு தீப்பந்தத்தைச் சுழற்றுகிறார். அமெரிக்காவில் கேலிச்சித்திரத்தோடு நிற்கவில்லை. 1844-இல் பிலடெல்பியாவில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் கொளுத்தப்பட்டன. 1855 ஆகஸ்டில் லூயிவில் நகரத் தேர்தல் நாளில் ஐரிஷ், ஜெர்மானியக் குடியேறிகளின் குடியிருப்புகள் தாக்கப்பட்டு 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடிபட்ட சமூகமும் எப்போதும் நியாயத்தின் பக்கம் நின்றுவிடவில்லை. 1863-இல் நியூயார்க்கில் கட்டாய ராணுவச் சேர்ப்பை எதிர்த்து எழுந்த கலவரத்தில் கறுப்பினத்தவரைக் கொன்ற கும்பல்களில் ஐரிஷ்காரர்கள் மிகுதி. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

'ஐரிஷ்காரர் விண்ணப்பிக்க வேண்டாம்' என்ற வேலை விளம்பர வாசகமும் இக்காலத்தது. அப்படி விளம்பரங்கள் இருந்ததற்குச் சான்று மிகக் குறைவு, பெரும்பாலும் அது ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை என்று 2002-இல் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் வாதிட்டார். 2015-இல் ஒரு பள்ளி மாணவி கணினியில் ஏற்றப்பட்ட பழைய நாளிதழ்களைத் துருவி, அந்த வாசகத்தோடு வந்த விளம்பரங்களைத் திரட்டி ஆய்விதழிலேயே மறுப்பு எழுதினார். அந்த மாணவியை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

ஹூலிகன் தனிச்சொல் அல்ல. பேட்ரிக் என்ற பெயரின் செல்லச் சுருக்கமான 'பேடி' ஐரிஷ் ஆண் எவரையும் குறிக்கும் ஏளனச் சொல்லானது (தமிழ்ப் 'பேடி'க்கும் இதற்கும் உறவில்லை). அமெரிக்காவில் கைதிகளை ஏற்றும் காவல் வண்டிக்கு 'பேடி வேகன்' என்று பெயர். ஏற்றப்பட்டவர்கள் ஐரிஷ்காரர்கள் என்பதாலா, ஓட்டிய காவலர்கள் ஐரிஷ்காரர்கள் என்பதாலா என்பதில் இரு கருத்து உண்டு. பிரிட்ஜெட் என்ற புனிதப் பெயர் 'பிடி'யாகி, பாஸ்டன் வீடுகளில் அடுப்படி வேலை செய்த ஐரிஷ் பெண்களைக் குறித்தது. தாய் தகப்பன் ஆசையாக வைத்த பெயர்கள் இவை.

இதில் என்னை மிகவும் பாதித்த ஒன்று உண்டு. லண்டன் பத்திரிகைகள் ஹூலிகனை வசையாக்கிய நாலே ஆண்டுகளில், 1902 ஏப்ரலில், டப்ளின் மேடையில் 'கேத்லீன் நீ ஹூலிஹன்' என்ற நாடகம் அரங்கேறியது. யேட்ஸும் லேடி கிரிகரியும் எழுதியது; தலைப்புப் பாத்திரத்தில் நடித்தவர் மாட் கான். கேத்லீன் நீ ஹூலிஹன் என்றால் ஹூலிஹன் குலத்து மகள் கேத்லீன். நாம் பாரத மாதா என்பதுபோல, ஐரிஷ் கவிஞர்கள் தம் நாட்டுக்கு வழங்கிவந்த உருவகப் பெயர் அது. நிலம் பறிகொடுத்த கிழவியாக மேடைக்கு வரும் அவள்தான் அயர்லாந்து. ஒரே குடும்பப் பெயர், லண்டனில் தெருப்பொறுக்கி, டப்ளினில் தாய்நாடு.

பிறகு சொல் ஊர் சுற்றப் புறப்பட்டது. ரஷ்ய மொழியில் 'ஹுலிகான்' ஆகி, 1922-இன் சோவியத் குற்றவியல் சட்டத்திலேயே ஒரு குற்றத்தின் பெயராக அமர்ந்தது. 2012-இல் மாஸ்கோ தேவாலயத்தில் எதிர்ப்புப் பாட்டுப் பாடிய புஸ்ஸி ரயட் குழுப் பெண்கள் தண்டிக்கப்பட்டதும் இக்குற்றத்துக்காகவே. 1985 மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் அரங்கில் ஆங்கிலேய ரசிகர்களின் வன்முறையில் 39 பேர் இறந்தபின், கால்பந்து ஹூலிகனிசத்துக்கு 'ஆங்கில நோய்' என்ற பெயர் நிலைத்தது.

ஐரிஷ்காரரைப் பற்றிய அந்த அச்சு மட்டும் உடையவில்லை. 1974-இல் பர்மிங்காம் மதுக்கூடக் குண்டுவெடிப்புகளில் 21 பேர் இறந்தார்கள். கொடூரமான செயல். ஆனால் அதற்காகச் சிறைக்குப் போன ஆறு ஐரிஷ்காரர்களும் நிரபராதிகள். விடுதலை கிடைக்க 1991 வரை காத்திருந்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஐரிஷ்காரர் தனி இனக்குழுவாகக் குறிக்கப்பட்டதே 2001-இல்தான்.

சரி, தமிழில் என்ன எழுதலாம்? 'ரவுடி'யும் ஆங்கிலம்தான், அமெரிக்காவிலிருந்து வந்தது. 'குண்டர்' என்றதும் தமிழ்நாட்டில் 1982-ஆம் ஆண்டுத் தடுப்புக்காவல் சட்டம் நினைவுக்கு வரும். அது தொழில்முறைக் குற்றவாளியைச் சுட்டும். 'போக்கிரி' தனி ஆளின் குணம், செல்லமாகக் குழந்தையையும் அப்படித் திட்டுவோம். பொருளுக்கு மிக நெருங்கி நிற்பது இலங்கைத் தமிழின் 'காடையர்'. 1983 ஜூலை வன்முறையைப் பற்றிய எழுத்துகளில் 'காடையர் கும்பல்' என்பதைப் படித்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். ஆனால் கொங்குப் பகுதியில் 'காடை' ஒரு குலப்பெயர். இரண்டுக்கும் உறவு உண்டென்று நான் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு குடும்பப் பெயரின் மேல் ஏறிய பழியை இறக்கப் போய், இன்னொன்றின் மேல் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. 'சண்டாளன்' என்ற சாதிப்பெயரை வசையாக வழங்கிவந்த மொழி நம்முடையது. அதை இழிவாகப் பயன்படுத்தக் கூடாதென்று 2024-இல் தமிழ்நாட்டின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் சொல்ல வேண்டி வந்தது.

எனவே ஆளின் பிறப்பைச் சொல்லாமல் செயலைச் சொல்லும் சொற்களையே பரிந்துரைக்கிறேன். ஹூலிகனிசத்துக்கு 'அடாவடித்தனம்' அல்லது 'காலித்தனம்'. ஆட்களுக்கு 'அடாவடிக் கும்பல்', 'அடாவடிப் பேர்வழிகள்'. இலங்கை வாசகர்களுக்கு எழுதுவோர் 'காடையர்' என்றே தொடரலாம். அங்கே அது நிலைபெற்றுவிட்டது. ரஷ்ய வழக்குகளைப் பற்றி எழுதும்போது மட்டும், சட்டப்பிரிவின் பெயர் என்பதால், முதல்முறை 'ஹூலிகனிசம் எனப்படும் பொது ஒழுங்குக் குலைப்புக் குற்றம்' என்று குறிப்பிட்டு, அடுத்த வரியிலிருந்து 'பொது ஒழுங்குக் குலைப்பு' என்று எழுதினால் போதும்.