நடுக்கம் நின்ற பிறகு

தினமும் குடித்துவந்த ஒருவர் குடியை நிறுத்திய மறுநாள் காலை. தண்ணீர் டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தும் அதன் விளிம்பு பல்லில் இடிக்கிறது. சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டுகிறது. மன உறுதி போதவில்லை என்று சுற்றியிருப்பவர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சு எனக்கு வேதனை தருகிறது. ஏனென்றால் நடுங்குவது அவருடைய நரம்பு மண்டலம்.

மூளையைத் தணிப்பது காபா என்ற வேதிப்பொருள், முடுக்கிவிடுவது குளுட்டமேட். மது காபாவுக்கு வலுச்சேர்க்கிறது, குளுட்டமேட்டைத் தடுக்கிறது. ஆண்டுக்கணக்கில் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடுகட்டப் பார்க்கிறது: காபாவுக்கு மசிவதைக் குறைத்துக்கொண்டு, குளுட்டமேட்டை உள்வாங்கி உணரும் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால் தணிக்க ஆளில்லை. முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு இரண்டு மூன்று நாட்களில் இல்லாத உருவங்கள் தெரியும், மனம் குழம்பும், உயிரே போகலாம். ஆகவே தினமும் அதிகமாகக் குடித்தவரை அறைக்குள் பூட்டிவைத்து நிறுத்தவைக்காதீர்கள். மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே காபாவுக்குத் துணைநிற்கும் மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் கொடுப்பார்கள். அது பற்றாமல் போனால் நினைவாற்றல் நிரந்தரமாகச் சிதையக்கூடும்.

பெரும்பாலும் ஒரு வாரத்தில் நடுக்கம் அடங்கிவிடும். பசி எடுக்கும், முகம் தெளியும். "இனித் தொடமாட்டேன்" என்று மனதாரச் சொல்வார். பிறகு ஒரு மாலையில் எங்கோ பாட்டில் மூடி திருகும் சத்தம் கேட்கும். நாவில் எச்சில் ஊறும்.

அது டோபமைன் என்ற மூளை வேதிப்பொருள் பதித்துவைத்த பாடம். இன்பம் எந்த அடையாளத்தின் பின்னால் வரும் என்பதை, அந்த நேரம், அந்த மணம், அந்த நண்பர் என்று மூளை பொறித்து வைத்திருக்கிறது. மாதக்கணக்கில் குடிக்காவிட்டாலும் பொறித்தது அழிவதில்லை. அதன்மேல் புதுப் பழக்கம் படிகிறது, அவ்வளவுதான். 'ஒரு மடக்கு மட்டும்' என்பது அந்தப் படிவைச் சுரண்டிவிடும். முழு விலகலை மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

நால்ட்ரெக்சோன் என்ற மருந்து குடியின் கிளர்ச்சியை மழுங்கடிக்கும். டைசல்ஃபிராம் என்ற இன்னொரு மருந்து உடலுக்குள் இருக்கும்போது குடித்தால், மது உடையும்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருள் தேங்கி முகம் சிவக்கும், வாந்தி வரும், இதயம் படபடக்கும். அதை அவருக்குத் தெரியாமல் உணவில் கலப்பது உயிரோடு விளையாடுவது; தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேட்கை அலைபோல் எழும், பொதுவாக அரை மணி நேரத்துக்குள் தணியும். அந்த அரை மணியைத் தனியாகக் கடப்பதுதான் கடினம். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு ஹோட்டல் முகப்புக் கூடத்தில் பில் வில்சன் நின்றிருந்தார்; குடியை விட விரும்புபவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் நிறுவனர்களில் ஒருவர் இவர். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஒரு பக்கம் பாரின் சிரிப்பொலி, மறுபக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிக்குப் போய், ஒரு தேவாலயப் போதகரை அழைத்து, தான் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி கிடைப்பாரா என்று கேட்டார். கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். அந்த ஜூன் மாதத்தோடு அவரும் குடியை விட்டார்.