பிரபுவின் சாவும் தர்ஷினிச் சீட்டும்: ஒரு குவெஸ்ட் எப்படி நினைவு வைத்துக்கொள்கிறது

பெங்களூரு அல்சூரில் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் அவள் மகன் கணினித் திரையின் முன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போலந்து நாட்டின் சிடி புராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘தி விட்சர் 3’ ஆட்டத்தை அவன் இரண்டு வாரமாக ஆடிக்கொண்டிருந்தான். அதில் சதுப்பு நிலக் குடிசையொன்றில் அனாதைக் குழந்தைகள் மூன்று சூனியக்கிழவிகளின் பிடியில் இருக்கிறார்கள். அருகே ஒரு குன்றின் மரத்தடியில் சிறைப்பட்டிருக்கும் ஆவி, தன்னை விடுவித்தால் குழந்தைகளைக் காப்பாற்றுவதாக வாக்களிக்கிறது. என் மருமகன் அதை நம்பி விடுவித்தான்; குழந்தைகளும் பிழைத்தார்கள். பிறகு வேறு வேலைகளில் பல மணி நேரம் அலைந்து, அந்த ஆவியை ஏறக்குறைய மறந்தே போன நிலையில், அப்பகுதியின் பிரபு ஒருவனுக்கு அவன் மனைவியைத் தேடிக்கொடுக்கச் சதுப்புக்குத் திரும்பினான். குழந்தைகள் தப்பிய கோபத்தில் கிழவிகள் அவளை உருக்குலைத்திருந்தார்கள். அவள் இறந்தாள், பிரபு தன் கோட்டை முற்றத்தில் தூக்கில் தொங்கினான்.

“குழந்தைங்களைக் காப்பாத்தணும்னுதானே மாமா அதை விடுவிச்சேன். அங்கே செஞ்சது இங்கே இருக்கிறவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று அவன் கேட்டான்.

வருத்தத்தில் கேட்ட கேள்விதான் என்றாலும், அதற்குள் நல்ல பொறியியல் கேள்வி ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்த ஆட்டக்காரர்களிடம் மிகவும் பிடித்த குவெஸ்ட், அதாவது ஆட்டத்தின் கதையில் ஆட்டக்காரரிடம் ஒப்படைக்கப்படும் பணி, எது என்று கேட்டால், பெரிய பரிசு கிடைத்ததையோ கடினமான பூதத்தை வென்றதையோ அவர்கள் அரிதாகவே சொல்கிறார்கள். தாங்கள் மறந்துவிட்ட செயல் ஒன்றை ஆட்டம் மறக்காமல் திருப்பிக்கொடுத்த தருணத்தையே சொல்கிறார்கள். அந்த நினைவு எப்படிக் கட்டப்படுகிறது என்பது கேட்கக் கேட்க வியப்பளிக்கும் விஷயம்.

பெங்களூரின் தர்ஷினி ஓட்டல்களில் நின்றபடி சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கல்லாவில் பணம் கட்டியதும் மசால் தோசை ஒன்று, காபி ஒன்று என்று அச்சிட்ட சீட்டு கைக்கு வருகிறது. தோசைக்கல்லின் முன் நிற்பவர் அதை வாங்கித் தோசையின் வரியில் பேனாவால் ஒரு கீறல் போட்டுத் திருப்பித் தருகிறார். காபி போடுபவருக்கு நீங்கள் யார் என்பதோ எப்போது வந்தீர்கள் என்பதோ தெரியாது. காபியின் வரி கீறல் படாமல் இருக்கிறதா என்பதை மட்டுமே அவர் பார்க்கிறார். அவருக்கும் தோசைக்காரருக்கும் இடையில் ஒரு பேச்சும் நடப்பதில்லை. இருவரும் ஒரே சீட்டைப் படிக்கிறார்கள், அவ்வளவே. கணினியியலில் இந்தச் சீட்டின் வேலையைச் செய்வதற்கு ‘நிலை’ என்று பெயர். ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்துகொண்டு, குறிப்பிட்ட நிகழ்வு நடந்ததும் அடுத்த நிலைக்கு நகரும் அமைப்பை நிலை இயந்திரம் என்பார்கள். கணினி ஆட்டத்தின் குவெஸ்ட் எதுவானாலும் அதன் எலும்புக்கூடு இதுதான்.

பெதஸ்டா நிறுவனத்தின் ‘ஸ்கைரிம்’ ஆட்டத்தில் (2011) இதை வெளிப்படையாகவே காணலாம். அங்கே ஒவ்வொரு குவெஸ்ட்டுக்கும் ஒரு பெயரும், அது எட்டியிருக்கும் கட்டத்தைக் காட்டும் ஓர் எண்ணும் உண்டு. வேலையை ஒப்புக்கொண்டால் 10, குகையை அடைந்தால் 20, பொருளைக் கொண்டுவந்து கொடுத்தால் 30 என்பதுபோல அந்த எண் ஏறும். பத்துப் பத்தாகத் தாண்டுவதற்குக் காரணம், நடுவில் புதிய கட்டம் ஒன்றைச் செருக நேர்ந்தால் 15 காலியாக இருக்கும் என்பதே. பழைய ‘பேசிக்’ (BASIC) நிரல்மொழியில் வரி எண்களை 10, 20 என்று எழுதிப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். அந்த ஆட்டத்தின் கட்டளைப் பெட்டியைத் திறந்து கட்ட எண்ணைக் கையால் மாற்றினால், போகாத குகைக்குப் போய் வந்ததாக நாட்குறிப்பு எழுதிக்கொள்ளும். கதையைப் பொறுத்தவரை அந்த எண் சொல்வதே நடந்தது.

எண்ணை யார் மாற்றுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. சில ஆண்டுகளுக்கு முன் இந்திராநகரில் சிறிய ஆட்ட நிறுவனம் ஒன்றில் சோதனைப் பணியில் இருந்தேன். நாங்கள் உருவாக்கிய ஆட்டத்தில் கிணற்றடியில் தொலைத்த மோதிரத்தைத் தேடித் தரும்படி ஒரு கிழவி கேட்பாள். தேடி எடுத்ததும் கட்டம் 20க்கு மாறும். நான் கிழவியைச் சந்திப்பதற்கு முன்பே தற்செயலாகக் கிணற்றடிக்குப் போய் மோதிரத்தை எடுத்துவிட்டேன். அதன் பிறகு அவளிடம் பேசினால், மோதிரம் என் பையிலேயே கிடக்க, “கிடைத்ததா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். மோதிரம் ‘எடுக்கப்படும்’ நிகழ்வுக்காகக் குவெஸ்ட் காத்திருந்தது. அந்த நிகழ்வோ குவெஸ்ட் பிறப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. அழைப்பு மணி அடிக்கட்டும் என்று வாசலையே பார்த்திருப்பவர், ஏற்கெனவே கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளியைக் காணமாட்டார். கட்டத்துக்குள் நுழையும்போதே பையைச் சோதித்துவிடு என்று ஒரு வரி சேர்த்ததும் கோளாறு தீர்ந்தது. நிகழ்வைக் கேட்பதும் நிலையைப் பார்ப்பதும் வேறு வேறு வேலைகள் என்பதை அந்தக் கிழவியிடம்தான் கற்றேன்.

இதுவரை சொன்னது ஒரே குவெஸ்ட்டுக்குள் அடங்கும் நினைவு. என் மருமகன் கேட்டதோ ஒரு குவெஸ்ட்டில் செய்தது இன்னொன்றில் எப்படித் தெரிந்தது என்பது. அதற்கு எல்லாருக்கும் பொதுவான பேரேடு ஒன்று வேண்டும். ‘விட்சர் 3’ ஆட்டத்தை இயக்கும் மென்பொருளான எஞ்சினில் அதற்கு ‘உண்மைகள்’ என்றே பெயர்: ஒவ்வோர் உண்மையும் ஒரு பெயரும் அதற்கு எதிரே ஒரு முழு எண்ணும். எளிமைப்படுத்திச் சொன்னால், குன்றில் ஆவி விடுபட்ட கணத்தில் பேரேட்டில் ‘ஆவி விடுபட்டது’ என்பதற்கு எதிரே 1 என்று எழுதப்படுகிறது. அப்போது திரையில் எந்த அறிவிப்பும் வராது. பல மணி நேரம் கழித்துச் சதுப்பில் திரை விலகும்போது அந்தக் காட்சி பேரேட்டைத் திறந்து, அந்த வரியைப் படித்து, இரண்டு முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது. பிரபுவுக்கு ஆவியைப் பற்றி எதுவும் தெரியாது. காபி போடுபவரைப் போல அவனுடைய காட்சியும் ஒரு வரியை மட்டுமே படிக்கிறது.

அப்படியானால் எல்லாச் செயல்களையும் எழுதிவைத்து, எல்லாக் காட்சிகளிலும் படித்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏன் இயலாது என்பது புரியும். இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முடிவுகள் பத்து இருந்தால், கதை 1,024 விதமாகக் கிளைக்கும். இருபது இருந்தால் 10,48,576. ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனியாக வசனம் எழுதி, நடிகர்களைக் கொண்டு குரல் பதிவு செய்ய எந்த நிறுவனத்தாலும் முடியாது. ஆகவே எழுத்தாளர்கள் கிளைகளைச் சிறிது தூரம் பிரியவிட்டு மீண்டும் ஒரே இடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். எந்த வழியாக வந்தாலும் அதே கோட்டை வாசலுக்குத்தான் வந்து சேர்வீர்கள். வந்த வழியின் தடயம் பேரேட்டில் மட்டும் தங்கியிருக்கும். எந்தத் தடயத்தை எந்தக் காட்சி படிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதில்தான் குவெஸ்ட் எழுதுபவரின் கலை முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

இதற்கு நான் கண்ட மிக அழகிய எடுத்துக்காட்டு, 2006இல் வந்த ‘ஆப்ளிவியன்’ ஆட்டத்தில் வரும் ‘ஹூடன்னிட்?’ என்ற குவெஸ்ட். பூட்டிய மாளிகையொன்றில் ஐந்து விருந்தினர்கள் மறைத்துவைக்கப்பட்ட புதையலைத் தேடுவதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆறாவது விருந்தினராக உள்ளே நுழையும் நீங்கள், அவர்களை ஒவ்வொருவராகக் கொல்வதற்கு அனுப்பப்பட்டவர். ஐவரில் ஒவ்வொருவரும் உயிரோடிருக்கலாம் அல்லது இறந்திருக்கலாம் என்பதால் மாளிகையின் நிலைகள் இரண்டின் ஐந்தாம் அடுக்கு, அதாவது 32. முப்பத்திரண்டு நாடகங்களை யாரும் எழுதவில்லை. யார் இறந்திருந்தால் இன்னார் எதைப் பேசலாம் என்று வசனங்களுக்கு நிபந்தனை கட்டியிருக்கிறார்கள். ஒருவர் செத்ததும் மற்றவர்களின் பேச்சு மாறுகிறது. ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் எழுகிறது. பழியை உங்களைத் தவிர மற்ற எல்லார்மேலும் போடுகிறார்கள். ஐந்தே ஐந்து ஆம்-இல்லைக் குறிகளிலிருந்து ஒரு வீட்டின் அச்சம் முழுவதும் எழுந்து நிற்கிறது. வீடு பூட்டியிருப்பதும் கதைக்காக மட்டும் அன்று. வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது என்பதால்தான் எழுத்தாளர் கணக்கில் கொள்ள வேண்டிய நிலைகள் 32ஐத் தாண்டாமல் நிற்கின்றன.

எழுதப்பட்ட எண்ணை எவ்வளவு காலம் கழித்துப் படிப்பது என்பது அடுத்த கேள்வி. உடனே படித்தால் ஆட்டக்காரர் முடிவைப் பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டால் சற்றுமுன் சேமித்த இடத்துக்குத் திரும்பி வேறு விடையைச் சொல்லிவிடுவார். 2007இல் வந்த முதல் ‘விட்சர்’ ஆட்டம் இதைத் திட்டமிட்டே தடுத்தது. முதல் அத்தியாயத்தில் ஓர் இரவு ஆற்றங்கரையில் சரக்குப் பெட்டிகளைக் காவல் காக்கும்போது, கிளர்ச்சிக் குழு ஒன்று வந்து பெட்டிகளைக் கேட்கும். கொடுத்தால் அப்போது ஒரு தீங்கும் இல்லை. அடுத்த அத்தியாயத்தில் உங்களுக்குத் தேவைப்படும் ஒருவரை அதே குழு கொன்றிருக்கும்போதுதான் விலை தெரியும். அதற்குள் பல மணி நேர ஆட்டம் கடந்துவிட்டதால் பழைய சேமிப்புக்குத் திரும்ப மனம் வராது.

இந்தக் காலதாமதம் மனத்தில் ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு நரம்பியலில் ஒரு குறிப்பு உண்டு. குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் செய்த ஆய்வுகளில், எதிர்பாராமல் சாறு கிடைக்கும்போது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் வேகமாகத் துடித்தன. முன்னறிவிப்புக்குப் பழகிய பின் அவை சாறுக்குத் துடிக்கவில்லை, அறிவிப்புக்கே துடித்தன; அறிவித்த சாறு வராதபோது அவற்றின் துடிப்பு குறைந்தது. கிடைத்தது எவ்வளவு என்பதைவிட, எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகியது என்பதையே அந்த அணுக்கள் அளக்கின்றன என்று 1997இல் ஷுல்ட்ஸும் பீட்டர் தயானும் ரீட் மாண்டேகும் எழுதினார்கள். குரங்கின் பழச்சாறையும் மனிதரின் கதை ரசனையையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. எனினும், பத்து ஓநாய்த் தோல் கொண்டுவந்தால் ஐம்பது பொற்காசு என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடும் குவெஸ்ட்டில் விலகுவதற்கு எதுவும் மிச்சமில்லை. காசு வந்து சேர்கிறது, அதோடு அது மறந்துபோகிறது.

அப்படிப்பட்ட வேலைகளையும் நாம் ஏன் முடிக்கிறோம் என்பதற்குக் காரணம் வேறு. பரிமாறுபவர்கள் தொகை தீராத மேசைகளின் பட்டியலை நன்றாக நினைவில் வைத்திருப்பதைக் கவனித்ததிலிருந்து எழுந்ததாகச் சொல்லப்படும் ஆய்வொன்றை உளவியலாளர் புளூமா ஸைகார்னிக் பெர்லினில் நடத்தி 1927இல் வெளியிட்டார். முடிந்த வேலைகளைவிட இடையில் நிறுத்தப்பட்ட வேலைகளே நினைவில் தங்குகின்றன என்பது அவர் முடிவு. பிற்காலச் சோதனைகள் அதை எப்போதும் உறுதிசெய்யவில்லை. அவருடன் பணியாற்றிய மரியா ஓவ்சியான்கினா மறுஆண்டு காட்டியது இன்னும் பொருத்தமானது: இடையில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் கேட்காமலே, பரிசும் இல்லாமலே, பெரும்பாலோர் தாமாக மீண்டும் எடுத்துச் செய்தார்கள். ஆட்டத்தின் குவெஸ்ட் பட்டியல் இந்த உந்துதலைத்தான் பயன்படுத்துகிறது. முடியாத வரி ஒன்று திரையில் நிற்கும்வரை கை அதை நோக்கியே போகும். ஒரு வேலையை முடிக்கவைப்பதற்கு இது போதும், நேசிக்கவைப்பதற்குப் போதாது.

‘ஸ்கைரிம்’ ஆட்டத்தின் ரேடியன்ட் என்ற அமைப்பு இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் குவெஸ்ட் ஒரு வார்ப்புருவாக இருக்கிறது: இன்னார், இன்ன இடத்திலிருந்து, இன்ன பொருளை என்று காலியிடங்கள் விடப்பட்டிருக்கும். நீங்கள் இன்னும் போகாத குகைகளுக்கு முன்னுரிமை கொடுத்துக் கணினி அவற்றை நிரப்பும். உலகத்தைச் சுற்றிக்காட்டுவதற்கு அது உண்மையிலேயே நல்ல வழி. ஆனாலும் அப்படிப் பிறந்த குவெஸ்ட் ஒன்றைத் தனக்குப் பிடித்ததாக எவரும் என்னிடம் சொன்னதில்லை. வேலை முடிந்ததும் ஒரு குறி விழுகிறது. வேறு எந்தக் காட்சியும் பிறகு அதைப் படிப்பதில்லை.

இவற்றில் பாதியை அன்று மாலை மருமகனிடம் சொன்னேன். மறுவாரம் நான் போனபோது அவன் குன்றுக்கு முந்தைய சேமிப்பைத் திறந்து, ஆவியைக் கொன்று, மீண்டும் அதே வழியாக வந்திருந்தான். இம்முறை பிரபுவின் மனைவி உயிரோடு இருந்தாள், ஆனால் சித்தம் கலங்கியிருந்தாள். அவளைக் குணப்படுத்த நீல மலைகளில் இருக்கும் ஒருவரிடம் அழைத்துப்போகிறேன் என்று பிரபு புறப்பட்டான். சதுப்புக் குடிசை முற்றத்தில் குழந்தைகள் ஒருவரும் இல்லை.

“ரெண்டுல எதை வெச்சுக்கப் போறே?” என்று கேட்டேன்.

சிறிது நேரம் இரண்டு சேமிப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதலாவதையே திறந்தான். “இன்னும் எங்கெங்க என்னென்ன எழுதி வெச்சிருக்கேனோ மாமா” என்றபடி குதிரையை வடக்கே போகும் சாலையில் திருப்பினான்.