சிக்னல்ல தானா அணையற எஞ்சின்: தேய்மானம் உண்மையிலயே எங்க நடக்குது?

புது கார் எடுத்தவங்க நிறைய பேர் வண்டில ஏறினதும் பண்ற முதல் வேலை, சிக்னல்ல எஞ்சின தானா அணைச்சு கிளம்பும்போது திரும்ப ஸ்டார்ட் பண்ற ஆட்டோ ஸ்டார்ட்-ஸ்டாப்போட பட்டன அமுக்கி ஆஃப் பண்றதுதான். ஏன்னு கேட்டா "ஒவ்வொரு சிக்னலுக்கும் அணைஞ்சு அணைஞ்சு ஸ்டார்ட் ஆனா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்"னு சொல்றாங்க. இந்த பயத்துல உண்மை இல்லாம இல்ல, ஆனா அவங்க நினைக்கற இடத்துல இல்ல.

முதல்ல எஞ்சின் எங்க தேயுதுன்னு பார்ப்போம். பிஸ்டனோட மேல கீழ அசைவ சுத்தா மாத்தற கிராங்க் ஷாஃப்ட், அத தாங்கற பேரிங் மேல நேரடியா உரசிக்கிட்டு சுத்தறதில்ல, ஓடும்போது ரெண்டுக்கும் நடுவுல ஆயில் சில மைக்ரான் கனத்துல படலமா நிக்குது, ஷாஃப்ட் அதுமேல மிதக்குது. பம்ப் ஆயில கொண்டுவந்து சேர்க்குதே தவிர, அந்த படலத்த உண்டாக்கறது ஷாஃப்ட்டோட வேகம்தான், அது சுத்தற சுத்துல ஆயில இழுத்து தனக்கு அடியில ஆப்பு மாதிரி சொருகிக்குது. எஞ்சின் நின்னா வேகம் போச்சு, ஷாஃப்ட் இறங்கி பேரிங் மேல உக்காந்துடும், அடுத்த ஸ்டார்ட்ல முதல் சில சுத்து உரசிக்கிட்டுதான் கிளம்பும்.

ஆனா எல்லா ஸ்டார்ட்டும் ஒண்ணு கிடையாது. காலைல முதல் ஸ்டார்ட்டுக்கு ராத்திரி பூரா ஆயில் வடிஞ்சு கீழ இருக்கற ஆயில் தொட்டிக்கு (சம்ப்) போயிருக்கும், குளிர்ந்து கெட்டியா இருக்கும், அதுக்கு மேல எஞ்சினோட கம்ப்யூட்டரான ஈசியூ பெட்ரோல கொஞ்சம் தாராளமா விடும், எரியாம போன பெட்ரோல் சிலிண்டர் சுவத்துல ஒட்டியிருக்கற ஆயில கழுவி விட்டுடும். சிக்னல்ல 40 செகண்ட் நிக்கற எஞ்சின்ல இதுல எதுவுமே நடக்கறதில்ல, ஆயில் சூடா பேரிங் இடுக்குலயே இருக்கு. அதனாலதான் கூலன்ட் சூடாகற வரைக்கும் ஸ்டார்ட்-ஸ்டாப் வேலையே செய்யாது, அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க.

அதோட கம்பெனிக்காரங்களும் பழைய பார்ட்ஸையே வச்சுட்டு விட்டுடல. நிறைய எஞ்சின்ல பேரிங் மேல பாலிமர் கோட்டிங் வந்துடுச்சு, படலம் இல்லாத அந்த சில சுத்த அது தாங்கிக்கும். மாருதி 2015ல சியாஸ்ல கொண்டுவந்த எஸ்எச்விஎஸ்ங்கற மைல்ட் ஹைப்ரிட் சிஸ்டத்துல, ஆல்டர்னேட்டர் இருந்த இடத்துல ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் ஒண்ணா சேர்ந்த ஐஎஸ்ஜி, பெல்ட் வழியாவே எஞ்சின சுத்தி விட்டுடும், ஸ்டார்ட்டரோட கர்ர் சத்தமே கேக்காது. மஸ்தா 2009ல ஐ-ஸ்டாப்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை அது. எஞ்சின் அணையும்போதே பிஸ்டன சரியான இடத்துல நிறுத்தி வச்சுட்டு, கிளம்பும்போது அந்த சிலிண்டருக்குள்ளயே பெட்ரோல தெளிச்சு பத்த வைக்கும், ஸ்டார்ட்டர் லேசா கை கொடுத்தா போதும், 0.35 செகண்ட்ல எஞ்சின் ஓட ஆரம்பிச்சுடும்.

மிச்சம் எவ்வளவு? சின்ன பெட்ரோல் எஞ்சின் ஐடில்ல, அதாவது வண்டி நிக்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, மணிக்கு சுமாரா 600 மில்லி குடிக்குதுன்னு வைங்க, ஒரு நிமிஷ சிக்னலுக்கு 10 மில்லி. சூடான எஞ்சின திரும்ப ஸ்டார்ட் பண்ண ஆகற பெட்ரோல், ஏறக்குறைய 10 செகண்ட் ஐடிலுக்குள்ள அடங்கிடும். அதுக்கு மேல நிக்கற ஒவ்வொரு செகண்டும் லாபம்.

இப்ப உண்மையான தேய்மானத்துக்கு வருவோம், அது பேட்டரி. எஞ்சின் நின்னாலும் ஃபேன், மியூசிக், லைட்டு எல்லாம் பேட்டரிலதான் ஓடுது, உடனே ஸ்டார்ட்டும் பண்ணணும், இப்படி ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி இதுக்கு செஞ்சதில்ல, திரும்பத் திரும்ப பாதி இறங்கி ஏறினா தகட்டுல சல்ஃபேட் படிஞ்சு சீக்கிரம் செத்துடும். அதனாலதான் இத தாங்கறதுக்குன்னே செஞ்ச ஈஎஃப்பி, ஏஜிஎம்னு தனி பேட்டரி, விலையும் கூட. மாத்தும்போது காசு மிச்சம்னு சாதா பேட்டரி போட்டுடாதீங்க, பெட்ரோல்ல மிச்சம் பிடிச்சதெல்லாம் அங்கயே போயிடும். நிறைய கார்ல பேட்டரி நெகட்டிவ் டெர்மினல்ல ஒரு சின்ன சென்சார் இருக்கும், சார்ஜ் குறையுதுன்னு தெரிஞ்சா ஸ்டார்ட்-ஸ்டாப்ப நிறுத்தி வச்சுடும். கொஞ்ச நாளா சிக்னல்ல வண்டி அணையவே மாட்டேங்குது, ஏசியும் அதிகமா வைக்கலன்னா முதல்ல பேட்டரிய செக் பண்ணுங்க.

அடுத்தது ஆயில். 0டபிள்யூ-20, 0டபிள்யூ-16னு தண்ணி மாதிரி ஆயில் வர்றத பாத்துட்டு "இது எஞ்சின காலி பண்ணிடும், கெட்டியான 20டபிள்யூ-50 ஊத்துங்க"னு சொல்ற மெக்கானிக் அண்ணன்கள் எல்லா ஊர்லயும் இருக்காங்க. பழைய எஞ்சினுக்கு அவங்க சொல்றது சரியாவே இருக்கலாம். ஆனா மெல்லிசான ஆயிலுக்குன்னே பேரிங் இடுக்கையும் பம்ப்பையும் அளந்து செஞ்ச எஞ்சின்ல கெட்டி ஆயில் ஊத்தினா, அது காலைல முதல் ஸ்டார்ட்ல பேரிங்குக்கு போய் சேரவே நேரம் எடுக்கும், தேய்மானம் எந்த நிமிஷத்துல நடக்குதோ அந்த நிமிஷத்துல லேட்டா வரும். மேனுவல்ல போட்டிருக்கறதையே ஊத்துங்க.

பெட்ரோல் மிச்சம் பிடிக்க சில சிலிண்டர ஆஃப் பண்ற டெக்னிக்கும் இப்ப நம்ம ரோட்டுக்கு வந்துடுச்சு, ஃபோக்ஸ்வேகனோட 1.5 டிஎஸ்ஐ பெட்ரோல் எஞ்சின்ல லோடு கம்மியா இருக்கும்போது நாலுல நடு ரெண்டு சிலிண்டர் வால்வ மூடிட்டு சும்மா இருக்கும். 1981ல அமெரிக்க கம்பெனி கேடிலாக் எட்டு, ஆறு, நாலு சிலிண்டர்னு மாறற எஞ்சின் விட்டப்ப அந்த கால எலக்ட்ரானிக்ஸால ஈடு கொடுக்க முடியல, மக்கள் அந்த சிஸ்டத்தோட வயர கழட்டி விட்டு ஓட்டினாங்க.

இதையெல்லாம் விட சுலபமான ஃப்யூவல் சேவிங் உங்க கால்லயே இருக்கு. ஊட்டி பக்கத்து கல்லட்டி ரோட்டுல 36 ஹேர்பின் இறங்கும்போது நியூட்ரல்ல விட்டா மிச்சம்னு நினைக்கறவங்க இன்னமும் இருக்காங்க, தயவுசெஞ்சு வேண்டாம். கியர்ல போட்டு ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா, ஆர்பிஎம் ஐடிலுக்கு மேல இருக்கற வரைக்கும் இஞ்செக்டர் மூடிக்கும், சக்கரமே எஞ்சின சுத்துது, செலவு பூஜ்யம். நியூட்ரல்லதான் ஐடில் பெட்ரோல் எரியுது, எஞ்சின் பிரேக்கும் இல்லாம பிரேக் சூடாகி பிடிக்காம போற ஆபத்தும் அதுலதான்.

ஸ்டார்ட்-ஸ்டாப் பட்டன ஆஃப் பண்ண வேண்டிய நேரம்னு ரெண்டு சொல்வேன். இன்ச் இன்ச்சா நகர்ற டிராஃபிக்ல, மூணு செகண்ட் நிக்கறதுக்கு அணைச்சு ஒரு லாபமும் இல்ல. இன்னொண்ணு மழை. வேளச்சேரி மாதிரி தண்ணி தேங்கற ரோட்டுல வேற வழியில்லாம இறங்கிட்டீங்கன்னா, சைலன்சர் வாய் முங்கற ஆழத்துல எஞ்சின் தானா நின்னா புகை தள்ற அழுத்தம் போயி தண்ணி உள்ள ஏற ஆரம்பிக்கும், அதனால தண்ணிக்குள்ள இறங்கறதுக்கு முன்னாடியே பட்டன அமுக்கிடுங்க.